அரைவைக் கல்லின் மேல் ஒரு வரி: குவின்டினோ செல்லாவின் நிதி அரசியல்

ஒரு குவிண்டால் கோதுமையை அரைத்தால் 2 லிரா வரி. ஓட்ஸுக்கு 1 லிரா 20 சென்ட்டெசிமி. மக்காச்சோளத்துக்கும் ரை தானியத்துக்கும் 80 சென்ட்டெசிமி. உலர்ந்த பயறு, மலைக்குடிகள் மாவாக்கித் தின்ற செஸ்ட்நட் ஆகியவற்றுக்கு 50. 1869 ஜனவரி 1 முதல் இத்தாலியில் தானிய மூட்டையோடு மாவு ஆலைக்குப் போன எவரும் இந்தத் தொகையைக் கட்டாமல் மாவை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. வயலில் கூலி வேலை செய்தவரின் நாள் ஊதியம் ஒரு லிரா அளவிலேயே இருந்த காலம் அது. செல்வந்தர் வீட்டில் ரொட்டி பல உணவுகளில் ஒன்று. கூலிக்காரர் வீட்டில் ரொட்டியோ, மக்காச்சோள மாவைக் கிண்டிய பொலெந்தாவோதான் முழுச் சாப்பாடும். அதனால் எடைக்கு எடை ஒரே வரியாகத் தெரிந்தாலும், வருமானத்தோடு ஒப்பிட்டால் ஏழையின் மேல்தான் பெரும் பாரம் இறங்கியது.

இந்தச் சட்டம் 1868 ஜூலையில் நிறைவேறியபோது பிரதமர் மெனப்ரெயா, நிதியமைச்சர் காம்ப்ரே-தின்யி. ஆனால் இத்தாலிய மக்கள் அரைவை வரியை அவர்கள் பெயரோடு சேர்த்து நினைக்கவில்லை. அந்தச் சமயத்தில் அமைச்சரவையிலேயே இல்லாத குவின்டினோ செல்லாவின் பெயரைத்தான் அதன்மேல் எழுதினார்கள். இதில் நியாயம் இருக்கிறது. அந்த வரியை முதலில் நாடாளுமன்றத்தின் முன் வைத்தவர் அவர். அது சட்டமான பின் அமைச்சராகத் திரும்பி வந்து, அதைக் கடைசி ஆலை வரை செயல்பட வைத்தவரும் அவரே.

செல்லா மூன்று முறை நிதியமைச்சராக இருந்தார்: 1862-இல், 1864 முதல் 1865 வரை, பிறகு 1869 முதல் 1873 வரை. இந்த மூன்று பதவிக் காலங்களையும் ஒரே கேள்வியாக எடுத்துப் பார்க்கலாம். திவாலின் விளிம்பில் நிற்கும் அரசைக் காப்பாற்ற, வாக்குரிமையே இல்லாதவர்களின் உணவிலிருந்து பணம் எடுத்தது தவிர்க்க முடியாததா? அவரைப் போற்றுகிறவர்கள் ஆம் என்கிறார்கள், பழிப்பவர்கள் இல்லை என்கிறார்கள். நாட்டுக்கு அன்று வரி தேவைப்பட்டது உண்மை என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்த வரிதான் தேவை என்று ஆனது பொருளாதாரத்தின் விதியால் அல்ல. வரி விதிக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதால்தான் அப்படி ஆனது.

செல்லா 1827-இல், ஆல்ப்ஸ் அடிவாரத்தில் பியெல்லாவுக்கு அருகே மோஸ்ஸோ பள்ளத்தாக்கில் பிறந்தார். கம்பளி நெய்யும் குடும்பம். பியெமொந்தேயின் கம்பளித் தொழிலுக்கு இயந்திரங்களை முதலில் கொண்டுவந்த பியெட்ரோ செல்லா இந்தக் குடும்பத்தவர்தான். தூரினில் பொறியியல் படித்த குவின்டினோ, அரசு உதவியோடு பாரிஸ் சுரங்கக் கல்லூரிக்குப் போனார். 1848 புரட்சியின்போது அந்த நகரத்தில்தான் இருந்தார். திரும்பி வந்து கணிதமும் கனிமவியலும் கற்பித்தார், படிகங்களின் வடிவ அமைப்பை ஆராய்ந்தார், கணக்கீட்டு அளவுகோலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மக்னீசியம் ஃபுளோரைடு கனிமம் ஒன்றுக்கு செல்லைட் என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1860-இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். முதல் முறை நிதியமைச்சர் ஆனபோது அவருக்கு வயது 34.

அளவை வைத்துச் சிந்திக்கும் மனிதர் கையில் அன்று வந்து சேர்ந்த கணக்கு பயங்கரமானது. 1861-இல் பிறந்த இத்தாலிய முடியரசு, தான் விழுங்கிய பழைய அரசுகள் எல்லாவற்றின் கடனையும் ஒரே பேரேட்டில் சேர்த்து ஏற்றுக்கொண்டது. அவற்றில் மிகப் பெரியது பியெமொந்தேயின் கடன். ஒன்றிணைப்புப் போர்களை நடத்திய நாடு அதுதானே. படை, கப்பற்படை, ரயில் பாதை, புதிய அதிகாரிகள் எனச் செலவு பெருகியது. வரவோ பாதியளவுக்குத்தான் எட்டியது. முதல் பெரிய கடனான 500 மில்லியன் லிராவைத் திரட்ட, 100 லிரா முகமதிப்புள்ள பத்திரத்தை 70 லிரா அளவுக்கு விற்க வேண்டியிருந்தது. 1866-இல் வெனிசுக்காக ஆஸ்திரியாவோடு போர் மூண்டபோது பத்திரத்தின் விலை முகமதிப்பில் பாதிக்கும் கீழே சரிந்தது. அந்த ஆண்டின் பற்றாக்குறை 700 மில்லியன் லிராவைத் தாண்டியது. அதே ஆண்டு மே மாதத்தில் வங்கி நோட்டுகளைத் தங்கமாக மாற்றிக்கொள்ளும் உரிமையும் நிறுத்தப்பட்டது. ஆகவே திவால் பற்றிய அச்சம் அமைச்சர்கள் மிரட்டலுக்காகக் கட்டிய கதை அல்ல. பாரிஸ் சந்தையில் இத்தாலியப் பத்திரம் வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு நாளும் அதற்கு விலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் பதவிக் காலம் பத்து மாதம்கூட நீடிக்கவில்லை. ஆனால் அதில் நிலைத்த வேலை ஒன்று நடந்தது. நாடு முழுவதற்கும் பொதுவான தணிக்கை மன்றம் உருவாகி, 1862 அக்டோபர் 1 அன்று தூரினில் செல்லாவே அதைத் தொடங்கி வைத்தார். அரசு செலவழிக்கும் ஒவ்வொரு லிராவையும் அமைச்சருக்குக் கட்டுப்படாத ஒருவர் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு வெறும் நிர்வாக ஏற்பாடு அல்ல, கொள்கை.

1864 செப்டம்பரில் லா மார்மோராவின் அமைச்சரவையில் திரும்பி வந்தபோது கருவூலம் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. அப்போது அவர் கையாண்ட வழிகள் ஒரு குடும்பம் நெருக்கடியில் செய்வதைப் போன்றவை. அடுத்த ஆண்டின் நில வரியை முன்கூட்டியே கட்டச் சொன்னார். அரசின் ரயில் பாதைகளை விற்றார். மன்னர் தம் ஆண்டு மானியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். எலும்பு வரை சிக்கனம் என்ற சொல் அவரோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் சிக்கனத்தால் மட்டும் இந்தப் பள்ளத்தை மூட முடியாது என்பது கணிதம் தெரிந்த அவருக்கு எல்லோரையும்விட முன்னதாகத் தெரிந்திருந்தது. கடனுக்கான வட்டியைக் குறைக்க முடியாது, படையைக் குறைக்கச் சபை விடாது. மிச்சம் வரிதான். 1865 டிசம்பரில் அரைவை வரி மசோதாவை வைத்தார். அதே மாதம் அவர் பதவி போனது.

அந்த மசோதா ஏன் அவ்வளவு எதிர்ப்பைக் கிளப்பியது என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. அரைவை வரி இத்தாலிக்குப் புதிதல்ல. போப்பின் ஆட்சிப் பகுதிகளிலும் சிசிலியிலும் பழைய அரசர்கள் வாங்கி வந்த வரி அது. 1860-இல் சிசிலியில் இறங்கிய கரிபால்டி, மக்களைத் தம் பக்கம் சேர்க்க முதலில் ஒழித்தவற்றுள் அதுவும் ஒன்று. விடுதலை என்றால் என்ன என்று சிசிலியின் உழவர்களுக்குக் கைக்குத் தெரிந்த விதத்தில் சொன்ன செயல் அது. எட்டே ஆண்டுகளில் புதிய தேசம் அதே வரியைத் தானே திருப்பிக் கொண்டுவந்தது. அதுவும் முன்பு இல்லாத பகுதிகளுக்கும் சேர்த்து.

பணம் வேண்டும் என்றால் வேறு எங்கிருந்து வாங்கியிருக்கலாம்? இங்கேதான் கேள்வியின் மையம் இருக்கிறது. நில வரி இருந்தது. ஆனால் ஒவ்வொரு பழைய அரசும் தன்தன் முறையில் எடுத்த நில அளவைப் பதிவேடுகளின் மேல் அது நின்றது. ஒரு மாநிலத்தில் துல்லியமாக அளந்த நிலத்துக்கு அதிக வரி, இன்னொன்றில் பல தலைமுறைக்கு முன் யாரோ மதிப்பிட்ட நிலத்துக்குச் சொற்ப வரி. இதைச் சீராக்க நாடு முழுவதையும் ஒரே முறையில் புதிதாக அளக்க வேண்டும். அதற்கான சட்டம் 1886-இல்தான் வந்தது. வருமான வரி 1864-இலேயே வந்துவிட்டது. செல்லா அதன் விகிதத்தை உயர்த்தவும் செய்தார். ஆனால் அதன் பெரும் பகுதி மறைக்க முடியாத சம்பளக்காரர்களிடமிருந்தும் பத்திர வட்டியிலிருந்தும் வந்தது. தன் வருமானத்தைத் தானே எழுதிக் கொடுக்க வேண்டிய வணிகரிடமிருந்து அல்ல.

இந்தச் சட்டங்களுக்கு வாக்களித்தவர்கள் யார்? 1861 தேர்தலில் ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் மக்களில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் 4 லட்சத்துச் சொச்சம் பேர். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 25 வயது நிறைந்த ஆணாக, எழுதப் படிக்கத் தெரிந்தவராக, ஆண்டுக்கு 40 லிரா நேரடி வரி கட்டுபவராக இருந்தால்தான் வாக்கு. அந்தச் சபையில் நில வரியை உயர்த்துவது தன் வாக்காளரின் பையில் கை விடுவது. தானியத்தை அரைத்துத் தின்னும் கோடிக்கணக்கானோருக்கு அந்தச் சபையில் ஆள் கிடையாது. அரைவை வரி சபையைக் கடந்ததற்கு நிதி அறிவியல் காரணம் எதுவும் தேட வேண்டியதில்லை. அதைக் கட்டப்போகிறவர்கள் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

செல்லா இதை உணராதவர் அல்ல. வரி கொடியது என்பதை அவர் மறுக்கவில்லை. அரசு திவாலானால் வேலையும் கூலியும் முதலில் போவது ஏழைக்குத்தான் என்பது அவர் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் நில உரிமையாளரையும் அதே கடுமையோடு தொடும் சட்டத்தை அவரால் நிறைவேற்ற முடியவில்லை. முடிந்ததைச் செய்தார், முடிந்ததோ ஒரு பக்கமாகவே விழுந்தது.

வரியை வாங்கிய முறையையும் சற்று நின்று பார்க்க வேண்டும். செல்லாவின் மனம் அதில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஆலைக்காரர் எவ்வளவு அரைத்தார் என்று அவர் சொல்லை நம்பி வரி போட்டால் ஏய்ப்பு நடக்கும். வாசலில் அதிகாரியை நிறுத்தினால் லஞ்சம் நடக்கும். ஆகவே கல்லையே சாட்சி ஆக்குவது என்று முடிவானது. அரைவைக் கல்லின் அச்சில் ஓர் எண்ணி பொருத்தப்படும். கல் எத்தனை முறை சுழன்றது என்பதை அது பதியும். நூறு சுற்றுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு வீதம் குறிக்கப்படும். ஆலைக்காரர் அந்தத் தொகையை அரசுக்குக் கட்டி, அரைக்க வருபவரிடம் வாங்கிக்கொள்வார். செல்லாவின் நெருங்கிய உடனுழைப்பாளரும் அவரைப் போலவே சுரங்கப் பொறியாளருமான பெராட்ஸி இதன் நிர்வாகத்தை நடத்தினார்.

காகிதத்தில் இது நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் எண்ணி எண்ணியது சுற்றுகளை, மாவை அல்ல. புதிதாகக் கொத்திய கல் நூறு சுற்றில் தருவதைத் தேய்ந்த கல் தராது. கோடையில் ஓடையில் நீர் வற்றினால் கல் மெதுவாகச் சுழலும், அரைவையும் மாறும். ஈரத் தானியம் வேறு, உலர்ந்தது வேறு. ஆகவே ஒவ்வொரு ஆலையின் வீதத்தையும் பற்றி ஓயாத வழக்கு நடந்தது. பெரிய ஆலைக்காரர் வாதாடிக் குறைத்துக்கொண்டார். மலை ஓடையில் ஒற்றைக் கல் வைத்திருந்தவர் ஆலையைப் பூட்டினார். அரைவைக்குக் கூலியாகத் தானியத்திலேயே ஒரு பங்கை எடுத்துக்கொள்வதுதான் பல ஊர்களில் வழக்கம். உழவர் கையில் காசு புழங்காத பொருளாதாரம் அது. இப்போதோ ஆலை வாசலில் ரொக்கம் கேட்டார்கள். இந்த மாற்றம் வரித்தொகையைவிடவும் அதிகமாக உறுத்தியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1869 ஜனவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது எண்ணிகளே போதுமான அளவில் தயாராக இல்லை. அதிகாரிகள் ஆலைக்காரர்களோடு ஒப்பந்தம் பேசி ஒரு தொகையை முடிவு செய்ய முயன்றார்கள். பலர் மறுத்து ஆலையை மூடினார்கள். மாவு கிடைக்காத கிராமங்களில் கூட்டம் ஆலையை உடைத்துத் திறந்தது, நகர மன்றங்களைச் சூழ்ந்தது, வரிக் காகிதங்களை எரித்தது. எமிலியாவில், பார்மா, ரெஜ்ஜோ, போலோன்யா வட்டாரங்களில், கலகம் மிகக் கடுமையாக இருந்தது. போப் வாழ்க, ஆஸ்திரியா வாழ்க, குடியரசு வாழ்க என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத கோஷங்கள் எழுந்தன. கலகம் செய்தவர்களுக்கு ஒரே கட்சி இருக்கவில்லை, பசி மட்டும் பொதுவாக இருந்தது. ஜெனரல் ரஃபாயெலே கடோர்னாவுக்குச் சிறப்பு அதிகாரம் தந்து அனுப்பினார்கள். வரலாற்று நூல்கள் வழக்கமாகத் தரும் கணக்கு: 257 பேர் சாவு, 1,099 பேர் காயம், 3,788 பேர் கைது. ஒரு வரியை நடைமுறைப்படுத்த ஒரு நாடு தன் குடிமக்களுக்கே செய்தது இது. சமநிலைப்பட்ட வரவு செலவைப் புகழும் எந்த நூலும் இந்த எண்களைத் தாண்டிப் போகக் கூடாது.

அந்த ஆண்டு டிசம்பரில் லான்ட்ஸாவின் அமைச்சரவையில் மூன்றாம் முறை நிதியமைச்சராக வந்த செல்லா, எண்ணிகளைப் பொருத்தி முடித்தார். வரி ஒழுங்காக வரத் தொடங்கியது. 1870-களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 80 மில்லியன் லிரா அளவுக்கு அது வளர்ந்தது. இதே அமைச்சரவைதான் ரோமுக்கும் போனது. 1870 கோடையில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, மூன்றாம் நெப்போலியனுக்குத் துணையாகப் படை அனுப்ப மன்னர் விரும்பினார். செல்லா பிடிவாதமாக எதிர்த்தார். பிரான்ஸ் தோற்றதும் ரோமுக்குள் நுழைய வேண்டும் என்று அமைச்சரவையில் மிக உறுதியாக நின்றவரும் அவரே. செப்டம்பர் 20 அன்று படை நகருக்குள் புகுந்தது.

1873-இல் அவர் விழுந்த விதம் அவருடைய கொள்கைக்கு முழுப் பொருத்தமானது. தாரந்தோவில் கப்பற்படைத் தளம் கட்டப் பணம் ஒதுக்கச் சபை விரும்பியது. அந்தச் செலவுக்கு எங்கிருந்து பணம் வரும் என்று முதலில் முடிவு செய்யுங்கள் என்றார் செல்லா. சபை ஒப்பவில்லை, அமைச்சரவை விலகியது. புதிய செலவு விதிக்கும் சட்டம் அதற்கான வழியையும் காட்ட வேண்டும் என்ற விதி, 1948-இல் நடைமுறைக்கு வந்த இத்தாலியக் குடியரசின் அரசியலமைப்பில் 81-ஆம் பிரிவாக இடம்பெற்றது.

அவர் விதைத்ததை அறுவடை செய்தவர் அடுத்த பிரதமர் மிங்கெட்டி. 1876 மார்ச் 16 அன்று வரவும் செலவும் சமன் ஆகிவிட்டன என்று அவர் சபையில் அறிவித்தார். இரண்டே நாள் கழித்து, மார்ச் 18 அன்று, அவருடைய அரசு கவிழ்ந்தது. சபையின் முன் அன்று இருந்த கேள்வி அரைவை வரியை வசூலிக்கும் முறை பற்றியது. உள்ளே வேறொரு பிணக்கும் இருந்தது. வட இத்தாலிய ரயில் பாதைகளை அந்நியக் குழுமத்திடமிருந்து அரசே வாங்கிக்கொள்ள, முந்தைய நவம்பரில் பாசெல் நகரில் ஒப்பந்தம் பேசி முடித்தவர் செல்லா. ரயில் அரசின் கையில் போவதை விரும்பாத தொஸ்கானா உறுப்பினர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். செல்லாவும் மிங்கெட்டியும் சேர்ந்திருந்த வலதுசாரிகளின் பதினைந்து ஆண்டு ஆட்சி அதோடு முடிந்தது.

கஞ்சத்தனத்தின் உருவமாக மட்டும் செல்லாவை நினைப்பவர்கள், நிதித்துறைக்கு வெளியே அவர் செய்தவற்றைப் பார்ப்பதில்லை. 1863-இல் மொன்விசோ சிகரத்தில் ஏறித் திரும்பியவர், அதே ஆண்டு அக்டோபரில் தூரினில் இத்தாலிய ஆல்பைன் மன்றத்தை நிறுவினார். இரண்டு ஆண்டு கழித்து மாட்டர்ஹார்ன் சிகரத்தை இத்தாலியரே முதலில் தொட வேண்டும் என்று அவர் நண்பர் ஜோர்தானோ, அப்போது நிதியமைச்சராக இருந்த செல்லாவுக்கு அடிவாரத்திலிருந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஆங்கிலேயரான விம்பர் முந்திக்கொண்டார். சார்தீனியாவின் சுரங்கங்களை நேரில் ஆய்ந்து செல்லா 1871-இல் அறிக்கை தந்தார், அதையொட்டி இக்லெசியாஸில் சுரங்கப் பள்ளி வந்தது. 1874 முதல் லின்செய் கழகத்தின் தலைவராக இருந்து, நலிந்து கிடந்த அதை நாட்டின் முதன்மையான அறிவியல் கழகமாக எழுப்பினார். ரோம் அறிவியலின் தலைநகர் ஆக வேண்டும் என்பது அவர் கனவு. அந்தக் கனவுக்குள்ளும் அவருடைய வர்க்கத்தின் அச்சம் இருந்தது. தொழிலாளர் பெருந்திரளாகக் கூடும் நகரமாக ரோம் ஆவதைத் தாம் விரும்பவில்லை என்று சபையில் வெளிப்படையாகவே சொன்னார்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அஞ்சலகச் சேமிப்பு வங்கி. பல ஆண்டுகள் அவர் விடாமல் வலியுறுத்திய அந்தச் சட்டம் 1875 மே மாதம் நிறைவேறி, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. வங்கிக் கட்டடத்தின் படியையே மிதிக்காத மலைக் கிராமத்துக்காரர் ஒரு லிராவை அரசின் உறுதியோடு சேமிக்க வழி பிறந்தது. அரைவை வரி ஏழையை வரி கட்டுபவராக மட்டும் பார்த்தது. இந்தச் சட்டம் அவரைக் கணக்கு வைத்திருப்பவராகப் பார்த்தது. ஒரே மனிதர் இரண்டையும் செய்தார் என்பதால் ஒன்று மற்றதை ஈடு செய்துவிட்டது என்று சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் அவரைப் பற்றிய தீர்ப்பில் இரண்டும் இடம்பெற வேண்டும்.

வரலாற்றாசிரியர்களின் சண்டை இந்த இடத்தில்தான் சூடு பிடிக்கிறது. ஒன்றிணைப்பை நடத்திய மேட்டுக்குடி உழவரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளவில்லை என்பது மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷியின் விமர்சனம். 1959-இல் ரொசாரியோ ரொமெயோ இதற்கு விரிவாக மறுப்பு எழுதினார். உழவரின் நுகர்வைப் பிழிந்து எடுத்த பணம்தான் ரயிலாகவும் சாலையாகவும் மாறிப் பிற்காலத் தொழில் வளர்ச்சிக்கு அடித்தளம் இட்டது என்றார். 1861-இல் சுமார் 2,500 கிலோமீட்டராக இருந்த ரயில் பாதை 1870-களின் நடுவில் 7,500-ஐத் தாண்டியது உண்மைதான். ஆனால் கெர்ஷென்க்ரோன் போன்ற பொருளாதார வரலாற்றாசிரியர்கள் இந்தத் தொடர்பை ஏற்கவில்லை. ரயில் போட்ட ஆண்டுகளும் தொழில் எழுந்த ஆண்டுகளும் பொருந்தவில்லை என்றார்கள். எனக்கு ரொமெயோவின் வாதத்தில் உறுத்துவது வேறொன்று. பிழிந்தெடுத்த பணம் நல்ல வேலைக்குப் போனது என்று நிறுவிவிட்டாலும், அதை இவர்களிடமிருந்துதான் எடுத்திருக்க வேண்டும் என்பது நிறுவப்படுவதில்லை.

ஆட்சிக்கு வந்த இடதுசாரிகளும் வரியை உடனே எடுத்துவிடவில்லை. சிறு தானியங்களுக்கு 1879-இல் விலக்கு வந்தது. முழு ஒழிப்புக்கான சட்டம் 1880-இல் நிறைவேறியது. மாற்று வருவாய் இல்லாமல் கைவிடக் கூடாது என்று செல்லா கடைசி வரை எதிர்த்தார். 1881-இல் மன்னர் உம்பெர்த்தோ அவரை அமைச்சரவை அமைக்க அழைத்தபோது ஆள் சேராமல் அம்முயற்சி தோற்றது. 1882-இல் வாக்குரிமை விரிந்து, வாக்காளர் தொகை 20 லட்சம் அளவுக்கு உயர்ந்தது. 1884 ஜனவரி 1 அன்று அரைவை வரி முற்றிலும் மறைந்தது. அதே ஆண்டு மார்ச் 14 அன்று செல்லா பியெல்லாவில் இறந்தார்.

செல்லாவின் வரியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அதற்கு அடுத்து வந்ததைத்தான். ஐரோப்பாவுக்குள் அமெரிக்கக் கோதுமை மலிவாக வந்து இறங்கியபோது, நில உரிமையாளர்கள் காப்பு வரி கேட்டார்கள். இறக்குமதிக் கோதுமைக்கான சுங்கம் 1887-இல் குவிண்டாலுக்கு 3 லிரா, அடுத்த ஆண்டு 5, 1895-இல் 7 லிரா 50 ஆனது. ஒழித்த அரைவை வரியைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அரைவை வரியின் ஒவ்வொரு லிராவும் கருவூலத்துக்கு வந்தது. சுங்கத்தாலோ உள்நாட்டுக் கோதுமையின் விலையும் சேர்ந்து ஏறியது, அந்த ஏற்றம் நில உரிமையாளரின் பைக்குப் போனது. 1898-இல் ரொட்டி விலை தாங்க முடியாத அளவுக்குப் போய் நாடெங்கும் கலகம் வெடித்தது. மே மாதம் மிலான் தெருக்களில் ஜெனரல் பாவா பெக்காரிஸ் பீரங்கியால் சுட்டதில் அரசின் கணக்குப்படியே சுமார் 80 பேர் இறந்தார்கள். சுங்கத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்த அரசு, அறுவடை முடிந்த பின் மீண்டும் விதித்தது.